ஜெசிந்தா அக்கா பார்த்த என் ரத்தம்

துறைமுகத்துக்கு எதிரே உள்ள கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலையாக இருந்தபோது மனைவி போன் செய்தாள். "ஏங்க, லேப் ஜெசிந்தாக்கா இறந்துட்டாவளாம். காலையில வேலைக்குக் கிளம்பையில நெஞ்சு வலின்னு உக்காந்தாவளாம். அவ்வளவுதான்." எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இனி என் ரத்தத்தை யார் பார்ப்பார்கள் என்ற பயம். எழுத வெட்கமாக இருக்கிறது. சொந்த ஊரான தருவைகுளத்தில் அவரை அடக்கம் செய்த அன்று கூடி நின்ற உங்களில் சிலருக்கும் இதே பயம் இருந்திருக்கும்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம். எனக்குக் காய்ச்சல். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்காது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலம் பாரித்திருந்தது. ஊரெல்லாம் டெங்கு. ஜெசிந்தா அக்கா டெக்னீஷியனாக இருந்த லேபில் மெஷின் கொடுத்த தாளும், வெள்ளை அணு குறைவு, பிளேட்லெட் மிகமிகக் குறைவு என்றுதான் சொன்னது. டெங்குவேதான் என்று முடிவு செய்து பைக்கை எடுத்தேன். அக்கா வாசலுக்கு ஓடி வந்தார்.

"தம்பி, போயிராதீங்க. நான் இன்னும் ஸ்லைடு பாக்கல."

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு போனில் படம் எடுத்து நோயியல் மருத்துவருக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "இங்கன உக்காருங்க. தனியாவா வந்தீங்க?" துணைக்கு ஆள் வேண்டிய நோய் என்றால் எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

"கேன்சராக்கா?"

"ஆமான்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல தம்பி, டாக்டர்தான் சொல்லணும். இல்லன்னு சொன்னா அது பொய்யாயிரும்."

பத்து நிமிடத்தில் மருத்துவரே போனில் சொன்னார்: தீவிர ரத்தப் புற்றுநோய், இன்றே மதுரைக்குப் போக வேண்டும். காரில் மனைவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "தலை வலிக்கா?" என்று கேட்டபடி வந்தாள். அவளைப் போனில் வரவழைத்து, அப்படிக் கேட்கச் சொன்னது அக்கா. எட்டயபுரம் தாண்டியதும் லேசாக வலித்தது. நான் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

உடல் தேறிய பிறகுதான் அக்கா எல்லாவற்றையும் விளக்கினார். இந்த நோயில் பெரிய வகை இரண்டு. நிணநீர் அணுக்களில் தொடங்குவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும், மற்றது பெரியவர்களுக்கு. இரண்டிலும் முதிராத அணுக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எந்த வகை என்று உறுதி செய்ய எலும்பு மஜ்ஜையும் மரபணுச் சோதனையும் வேண்டும். "ஆனா உங்க அணுவுக்குள்ள ஊசி ஊசியா, சுள்ளிக்கட்டு மாதிரி கிடந்துச்சி. அது ரெண்டாவது வகையில ஒரு தனி இனம்." ரத்தம் உறையாமல், மூளைக்குள் கசிந்து, சில நாளிலேயே ஆளை முடித்துவிடக் கூடியது. உடனே மாத்திரை தொடங்கினால் பெரும்பாலோர் பிழைக்கக் கூடியதும் அதுதான். மதுரையில் மரபணு முடிவுக்குக் காத்திராமல் அன்று சாயங்காலமே மாத்திரையைத் தொடங்கியிருந்தார்கள்.

நன்றி சொல்ல எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் வாங்கிக்கொண்டு போனேன். அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"எங்க ஊர்க்காரி ஒருத்தி, உங்களுக்கு முந்தி வந்தா. அவளுக்கும் ஈறுல ரத்தம். அன்னைக்கு லேப்ல கூட்டம். மெஷின் தாளக் கொடுத்து அனுப்பிட்டேன். நாலு நாள்ல போயிட்டா. பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமான்னு சொல்ல முடியாது. நான் பாக்கலங்கிறது மட்டுந்தான் தெரியும்."

அந்தச் சாவுக்குப் பின் அவர் எந்த ரத்தத்தையும் மெஷினோடு விட்டதில்லை. லேபில் ஏச்சு வாங்கினார், தாமதம் என்று.

கடைசியாகப் பார்த்தபோது கேட்டேன்: "இன்னும் இங்க வந்தா பயமா இருக்குக்கா. எப்ப போகும் இது?"

"போகாது தம்பி. உங்க ஸ்லைட வைக்கையில எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காவ கண்ண மூடிக்கிட முடியுமா?"

அடக்கத்தன்று பலரும் அவரைத் துணிச்சல்காரி என்றார்கள். எனக்குத் தெரிந்தவரை, பயந்துகொண்டே குனிந்து பார்த்தவர் அவர். என்னிடம் மிஞ்சியிருப்பது, தனக்கும் பயம்தான் என்று அவர் ஒப்புக்கொண்ட அந்தச் சொல்தான். புதன்கிழமை எனக்கு ரத்தப் பரிசோதனை. பயமாக இருக்கிறது. போவேன்.