மனைவிக்குத் தெரியும்

எந்த ஃபைலையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் பழக்கம். போர்ட் பிளேரில் இருபது வருடத்துக்கு மேல் அரசாங்க கிளார்க்காகக் குப்பை கொட்டியவளுக்கு வேறு எப்படிப் படிக்கத் தெரியும்? முடிவு அங்கேதான் இருக்கும். அந்தப் பழக்கத்தால்தான் போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரரோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

அவருக்கு ஹேடோ துறைமுகத்தில் வேலை. மெயின்லேண்ட் கப்பலிலிருந்து சரக்கு இறங்கும்போது கூடவே நிற்க வேண்டும். மழை நாளில் கணுக்கால் வரை தேங்கிய தண்ணீரில் ரப்பர் செருப்போடு நடப்பார். நான் வாங்கிக் கொடுத்த பூட்ஸ், லம்பா லைனில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கும். தினமும் அதைப் போட்டுக்கொண்டு போவதாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காய்ச்சலோடு வந்து படுத்தார். கண் சிவந்து, கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினார். காய்ச்சல் இறங்கிவிட்டது. மூட்டுவலி மட்டும் மூன்று வாரமாகியும் போகவில்லை. பக்கத்துக் கிளினிக்கில் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், வடக்கத்திக்காரர், ஒரு முழ நீளத்துக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். ரிசல்ட் வந்த அன்று நான் மருந்துக்காக வரிசையில் நின்றேன். இவர் மட்டும் உள்ளே போய்விட்டுச் சிரித்த முகமாக வந்தார்.

"தங்கமான டாக்டரும்மா. நம்ம ஊர் உலகமெல்லாம் விசாரிச்சாரு. இன்னொரு தடவை ரத்தம் எடுத்திருக்காங்க, நாலு நாள் ஆகுமாம்."

வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தேன். கடைசிப் பக்கம். வி.டி.ஆர்.எல். என்று போட்டு, லேசாகப் பாசிட்டிவ். அந்த எழுத்துகள் எனக்குத் தெரியும். மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டதற்கு, மேகநோய், அதாவது சிபிலிஸ், இருக்கிறதா என்று பார்க்க என்று நர்ஸம்மா காதோடு காதாகச் சொன்னார். டாக்டர் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் குறித்து வைத்திருந்தார்: வெளிப்பழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை. கடைசியாக நண்பர்களுடன். மனைவிக்குத் தெரியும்.

முதல் மூன்று வரிக்கு அழுதிருப்பேன். நான்காவதைப் படித்ததும் அழுகை போய் உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு என்ன தெரியும்? தப்பும் செய்துவிட்டு, என்னையும் அதில் சாட்சி போட்டிருக்கிறாரே!

இரண்டு நாள் சோறு போட்டேன், பேசவில்லை. "ரசத்துல உப்பு கம்மிம்மா" என்றார். உப்பு ஜாடியை டங்கென்று வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை என் தங்கை கூப்பிட்டாள். அவள் அமெரிக்காவில் இருக்கிறாள். எட்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு உண்ணி கடித்து, தொடையில் சிவப்பாக ஒரு வட்டம் வந்து மறைந்தது. பிறகு மூட்டுவலி, படபடப்பு, பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோவது. லைம் நோய் என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தார்கள். வலி முழுதாகப் போகவில்லை. 'எலுமிச்சம்பழ வியாதி' என்று அதற்குப் பேர் வைத்தவள் நான். "எல்லாம் மனசுதான்டி, காலாற நடந்துட்டு வா" என்று வருடக்கணக்கில் வைத்தியமும் சொன்னேன். அவளிடம் போய் என் வீட்டு விஷயத்தைக் கொட்டினேன்.

"அக்கா, பதறாத. என் கிருமியும் அந்தக் கிருமியும் ஒரே வம்சம்" என்றாள். "ரெண்டும் திருகாணி மாதிரி சுருண்டு இருக்கும். ரெண்டும் மொதல்ல தோல்ல ஒரு அடையாளத்தைக் காட்டிட்டுக் காணாமப் போயிடும். நாம சரியாயிடுச்சுன்னு நெனப்போம். அப்புறம் மூட்டு, நரம்பு, மூளைன்னு எங்கேயாவது தலைகாட்டும், அதுவும் வேற நோய் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு. ரத்தத்துல ஒண்ணத் தேடினா சில நேரம் இன்னொண்ணு கை தூக்கும். உங்க ஊர் எலிக்காய்ச்சலும் இதே குடும்பம்தான். அத்தான் தேங்கின தண்ணியில நடக்கிறவரு. அதனாலகூட டெஸ்ட் தப்பா காட்டலாம்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

"எப்படி ஒண்ணாகும்? அது ஆளு மூலமா ஆளுக்கு வரும், இது உண்ணி கடிச்சு வரும். அதுக்கு ஊசி போட்டா தீந்துது. எனக்குள்ள இன்னும் கிருமி இருக்கா, இல்ல அது விட்டுட்டுப் போன சேதமான்னு டாக்டருங்களே சண்டை போடுறாங்க. அப்புறம் இன்னொண்ணு. அது வந்துச்சுன்னா எல்லாரும் எல்லாத்தையும் நம்பிடுவாங்க. இது வந்தா யாரும் எதையும் நம்ப மாட்டாங்க."

நான் மறுபடி ஃபைலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"அத்தான்கிட்ட கேட்டியா?"

"என்னத்தக் கேக்கிறது? ஃபைல்லயே இருக்கு."

"ஃபைலோடவா குடும்பம் நடத்துற?" என்று போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவர் பின்வாசல் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஃபைலை நீட்டினேன். "டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"என்ன சொன்னேன்... 'பாஹர் ஜாதே ஹோ?'ன்னாரு. ஆமா சாப், வருஷத்துக்கு ஒரு தடவைன்னேன். தனியாவான்னாரு. போன தடவை தோஸ்துங்களோடன்னேன். நீதான் லீவு இல்லைன்னு வரலியே."

எனக்குப் புரிய ஆரம்பித்தது. வெளியே போவதுண்டா என்று அந்தப் பிள்ளை நாசூக்காக வேறு பெண்களைப் பற்றிக் கேட்டிருக்கிறது. சுற்றிலும் கடலாக இருக்கிற இந்தத் தீவில் வெளியே என்றால் எங்களுக்கு ஒன்றுதான். கப்பலேறி மெயின்லேண்ட் போவது.

"அப்புறம்?"

"'பீவி கோ மாலூம் ஹை?'ன்னாரு, பொண்டாட்டிக்குத் தெரியுமான்னு. தெரியும் சாப், டிக்கெட்டே அவதான் எடுத்துக் குடுப்பான்னேன். அந்தாளு பேனாவைக் கீழ வச்சிட்டாரு. இங்க டிக்கெட் எடுக்கிற கஷ்டம் அவருக்கும் தெரியும்போல."

நான் குழாயடியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு திடீரென்று நிறுத்தினார்.

"சரி, நான் சொன்னதை அவர் தப்பா எழுதிட்டாரு. ரத்தம் எப்படித் தப்பா சொல்லும்?"

கையில் பாதி கழுவின சூரைமீன். அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. "நீ என்னை நம்புறியாம்மா?" என்றார்.

மறு ரிசல்ட் வர இன்னும் ஒரு நாள் இருந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த பூட்ஸை நினைத்துப் பார்த்தேன். அந்தச் சின்னப் பொய்யை இன்னும் கொஞ்சம் தள்ளி ஒளித்து வைக்கக்கூடத் தெரியாத மனுஷர். இவர் எந்த வெளியே போய் எதை மறைக்கப்போகிறார்?

"நம்புறேன். மீனைக் கழுவுங்க" என்றேன். இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கு வெட்கமாக இருந்தது. அவர் மேல் அவ்வளவு பிரியமாகவும் இருந்தது.

அடுத்த நாள் ரிசல்ட் வந்தது. எலிக்காய்ச்சல்தான். மேகநோய் இல்லவே இல்லை. டாக்டர் காது சிவக்கச் சிரித்து, அந்த நாலு வரியையும் என் கண் முன்னாலேயே அடித்தார். கடைசி வரியை மட்டும் இருக்கட்டுமே என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தங்கைக்குப் போன் போட்டேன். "ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே அத்தானை நம்பிட்டேன், தெரியுமா?" என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அத்தான் குடுத்து வச்சவரு அக்கா. நான் உனக்கு எத்தனை ரிசல்ட் அனுப்பியிருப்பேன்?" என்றாள்.

எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். எட்டு வருடம். எந்தக் காகிதத்தையும் விடாமல் படிக்கிற நான் அதில் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

அவளை லைனிலேயே இருக்கச் சொல்லி, வீட்டுக்காரர் போனில் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இப்ப எங்கெல்லாம் வலிக்குது? மொதல்லருந்து சொல்லுடி."