கம்பிவலையை இழுத்துப் பார்த்த அக்கா

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டையைக் கூண்டுக்குள் நடத்துவது, ஆள் பயந்து ஓடிவிடாமல் இருக்கத்தான் என்று நம்பியவன் நான். நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

அப்படி ஒரு போட்டி நடந்த பொழிச்சலூர் கல்யாண மண்டபத்தில் ஓர் அக்கா, சேலையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாகக் கூண்டைச் சுற்றிவந்து, கம்பிவலையை ஒவ்வொரு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கம்பி மறைக்குதுக்கா. கயிறு கட்டுன ரிங்னா நல்லாத் தெரியும்,” என்றேன், பெரிய ரசிகன் மாதிரி.

“தெரியும் சார். போன தபா என் பொண்ணு கயித்துக்கு நடுவுல பூந்து கீழ வுழுந்து, தோள்பட்டை எறங்குனதுகூட நல்லாத் தெரிஞ்சுது.”

சண்டை தொடங்கியது. எதிராளி அவர் மகளை வலையோடு சேர்த்து அழுத்தினாள். வலை வளைந்து அவளைத் தாங்கிக்கொண்டது. அக்கா தன் முந்தானை என்று நினைத்து என் சட்டைக் கையைக் கசக்கிக்கொண்டிருந்தார். நான் அசையவில்லை.

“ஜெயிச்சிடுவாளாக்கா?”

“முழுசா வூட்டுக்கு வந்தா போதும்.”