பம்ளிமாஸ் தோலும் பீடத்துணியும்

எழுபத்தெட்டில் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது பாதிச் சனம் ஈப்போ டவுனுக்கும் மீதி சாலையோரத்துக்கும் மூட்டை கட்டியது. குழந்தையம்மாள் மட்டும் தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டிலேயே தங்கிவிட்டாள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகுட்டி கிடையாது, எங்கே போவாள்? பகலில் தம்புன் ஊர்ப் பழக்கடையில் பம்ளிமாஸ் உரிப்பாள். சாயங்காலம் வீடு திரும்பினால் ஒரு வார்த்தை பேச நாதி கிடையாது.

அந்தக் கதவைத் தட்டுகிறவர் ஒருவர்தான். தோட்டத்துச் சின்ன வேதக்கோயிலுக்கு மாதம் ஒருமுறை சாமியார் பூசைக்கு வருவார். அதற்கு முன்னால் கோயில் பொறுப்பாளர் பெர்னார்ட் வெள்ளைப் பீடத்துணிகளை அவளிடம் வெளுக்கக் கொடுப்பார், பிறகு வந்து வாங்கிப் போவார். அந்தத் தட்டலுக்காகத்தான் அவள் மாதம் முழுக்கக் காத்துக் கிடந்தாள். சிரிக்காதீர்கள், தனியாக இருந்து பார்த்தால்தான் தெரியும்.

அதிலும் மண் விழுந்தது. ஓடை வரும் வழியில் மேலே துணிக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்று வந்தது, பாழாய்ப்போன பட்டறை! குடிக்க மழைத்தண்ணீர் பிடித்து வைத்தாலும் துவைக்க ஓடைதானே கதி? ஓடை நீலமாக ஓடியது, பீடத்துணியும் நீலம் பூத்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா, அடுத்த மாசம் டவுன் டோபிகிட்ட போட்டுரலாம்லா," என்றார் பெர்னார்ட்.

"இன்னும் ஒரே தடவ குடுங்க தம்பி."

கேட்டுவிட்டாளே தவிர, வழி தெரியவில்லை. கொசுவுக்குப் புகை போடக் கூரைமேல் காயவைத்திருந்த பம்ளிமாஸ் தோல், காற்றில் ஓடைத்தண்ணீர் டிரம்மில் விழுந்தது. மறுநாள் பார்த்தால் தோல் நீலமாகியிருந்தது, தண்ணீரில் நீலம் போய் மஞ்சள் தெரிந்தது. அட! தோலின் மஞ்சளையும் எடுத்துவிட்டால்? வேறு தோலை வேகவைத்து அந்த மஞ்சள் தண்ணீரைக் கீழே கொட்டினாள், தோலை மறுபடி காயவைத்து டிரம்மில் போட்டாள். தண்ணீர் தெளிந்தது. அதில் துவைத்த துணி பளிச்சென்று வெளுத்தது.

பெர்னார்ட் வாயைப் பிளந்தார். "எப்படிக்கா?"

"பம்ளிமாஸ் தோலக் காயவச்சு டிரம்முல போட்டேன் தம்பி."

"அவ்வளவுதானா! எங்களுக்கும் இதே ஓடத்தண்ணிதான், அப்ப எங்க வீட்டுக்காரி டோரிஸே செஞ்சுருவா. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

தோலை முதலில் வேகவைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த மாதம் துணி கொடுக்க வரும் நாளில் கதவு தட்டப்படவே இல்லை. நாய் குரைத்தால்கூட எழுந்துபோய்ப் பார்த்தாள். வெறும் வாசல்தான். பூசை நெருங்கியபோது பெர்னார்ட் வந்து நின்றார். கையில் பீடத்துணி, மஞ்சளில் முக்கி எடுத்தது மாதிரி.

"மானம் போச்சுக்கா. டோரிஸுக்குக் கைப்பக்குவம் வரல. இனிமே நீங்களே பாத்துக்குங்க."

"உக்காருங்க தம்பி, தேத்தண்ணி போடுறேன். மழைத்தண்ணிதான், பயப்படாதீங்க."

அவர் பேசிக்கொண்டே குடித்தார். மகன் பீடோரில் வேலைக்குப் போவது, டோரிஸின் முட்டிவலி, எல்லாம் கேட்டாள். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. கிளம்பும்போது கேட்டார்: "நெசமாவே வேற ஒண்ணும் செய்றதில்லையாக்கா?"

"வேற என்ன தம்பி? காயவச்சுப் போடுறதுதான்."

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பொய்யைச் சாமியாரிடம் ஒளிக்காமல் சொன்னாள். இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. சாமியார் காத்திருந்தார். குழந்தையம்மாள் அழுதாளே தவிர, அதை மட்டும் சொல்லவில்லை.