சிவப்பழகு போனோடு பெரம்பலூர், அரியலூர்

புதுப் போன் வாங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. வாங்கியதற்குக் காரணம் பேட்டரி. ஒரு முறை சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும் என்று பெட்டியின் மேல் போட்டிருந்தார்கள். பெட்டியின் மேல் போட்டிருப்பதை நம்புகிற வயது எனக்குப் போய்விட்டது. அதனால் மாசி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், சார்ஜர் எடுக்காமல், பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒருநாள் சுற்றக் கிளம்பினேன். வெள்ளியைத் தேர்ந்ததற்குக் காரணம் சிறுவாச்சூர் காளி. அங்கே திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள்.

திருச்சியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். வாடகைக் கார் 250 கிலோமீட்டர் வரை ₹3,500. ஓட்டுநர் சின்னதுரைக்கு நாற்பது வயது இருக்கும், ஊர் சிறுவாச்சூர்தான். பெரம்பலூரிலிருந்து எட்டு கிலோமீட்டர். கோயிலில் கூட்டம். இந்தப் போனின் முதல் குறையை அங்கே கண்டுகொண்டேன்: எடை. சட்டைப் பையில் வைத்தால் சட்டை ஒரு பக்கமாகச் சரிகிறது. நான் குனிந்து கும்பிடுவதற்குள் போன் எனக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டது. கண்ணாடி உடையவில்லை. இது நிறையில் சேரும்.

கோயிலிலிருந்து கிளம்பும்போது சின்னதுரை கேட்டார்.

“சார், சாயங்காலம் திரும்பறப்ப உடையார்பாளையத்துல அஞ்சு நிமிசம் நிப்பாட்டிக்கட்டுங்களா? ஒரு மாடு பாக்கணும்.”

“பாத்து வாங்கப்போறீங்களா?”

“பாக்கறது நானு. வாங்கறதா வேண்டாமான்னு சொல்றது வூட்ல. போன தடவ நானா ஒண்ணு புடிச்சாந்தேன், மூணு பேர ஒதச்சிருச்சு. அதுலேருந்து போட்டோ அனுப்பி, நெத்திச் சுழிய அது பாத்து, சரின்னு சொன்னாதான்.”

‘அது’ என்றது அவர் மனைவி தனலட்சுமியை. சின்னதுரையின் போன் கேமரா உடைந்திருந்தது. என் போனில் எடுத்துத் தருகிறேன் என்றேன். புதிதாக வாங்கியவனுக்கு இருக்கிற தாராளம்.

அரியலூர் சாலையில் முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்கல் லாரிகள். இங்கே போனின் ஒலிபெருக்கி நன்றாக உழைத்தது. லாரி ஹாரனை மீறி வழி சொன்னது. சத்தத்தைக் குறைத்தாலும் குறையாது என்பது பிறகு தெரிந்தது. அரியலூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வாரணவாசி புதைபடிம அருங்காட்சியகம். இந்த வட்டாரம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்ததற்குச் சாட்சியாகச் சுருண்ட கிளிஞ்சல்கள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் துல்லியமாகப் படத்தில் விழுந்தது. பக்கத்தில் நின்று என்னையும் எடுத்துக்கொண்டேன். என் இடத்தில் கல்யாண மண்டபத்து மாப்பிள்ளை ஒருவர் நின்றார்.

விஷயம் இதுதான். முகம் என்று ஒன்று கண்ணில் பட்டால் இந்தப் போன் அதை வெளுத்து, சுருக்கம் நீக்கி, இஸ்திரி போட்டுத் தருகிறது. அணைக்க வழி தேடினேன். ‘இன்னும் கொஞ்சம்’ என்கிற ஒரே தேர்வுதான் இருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் துவாரபாலகரை எடுத்தேன். ஆயிரம் வருடம் வெயிலில் நின்ற மனிதர், முகத்தில் பவுடர் பூசி, யாரோ பெண் பார்க்க வரப்போவதுபோல நின்றார்.

நாலரை மணிக்கு உடையார்பாளையம். மாட்டுக்காரர் செல்லம்மா, ஐம்பது வயதுப் பெண்மணி, வீட்டுக்குப் பின்னால் முந்திரிக் காடு. முட்டி வலியால் இரண்டு மாட்டை வைத்துப் பராமரிக்க முடியவில்லையாம், ஒன்றை விற்கிறார்.

“ஆறு மணிக்கு ஏவாரி வண்டி எடுத்துக்கிட்டு வந்துருவான். நீங்க புடிக்கிறதுன்னா அதுக்கு முன்னாடி சொல்லிப்புடுங்க. அவன்ட்ட கொடுக்க எனக்கும் மனசு இல்ல” என்றார்.

நல்ல செவலைப் பசு. நெற்றி நடுவில் ஒற்றைச் சுழி தெளிவாக இருந்தது. சின்னதுரை முகத்தைப் பார்த்தாலே மனதுக்குள் அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார் என்று தெரிந்தது. படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் தனலட்சுமி கூப்பிட்டார். ஒலிபெருக்கியின் புண்ணியத்தில் முந்திரிக் காடு முழுக்கக் கேட்டது.

“நெத்தியில சுழியே இல்ல. வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. இந்தச் சந்தனக் கலரு மாட்ட யாரு பாக்கச் சொன்னா?”

“யாரு மாட்டுக்குச் சுழி இல்லங்கிறது?” என்று செல்லம்மா போனை நோக்கி நகர்ந்தார்.

படத்தைப் பார்த்தேன். போன் பசுவின் முகத்தையும் முகமென்று ஏற்றுக்கொண்டு, தன் கடமையைச் செய்திருந்தது. கண்கள் தெரியாமல் நெற்றியை மட்டும் எடுத்து அனுப்பினேன். செவலை நிறம், சுழி, எல்லாம் உள்ளபடி வந்தது.

“இது வேற மாடு” என்றார் தனலட்சுமி. “மொதல்ல வெள்ளையா ஒண்ண அனுப்புறிங்க. இப்ப மூஞ்சியே இல்லாம வெறும் நெத்திய அனுப்புறிங்க. மாட்டு ஏவாரமா இல்ல மந்திரமா?”

“மாடு ஒண்ணுதான்டி. போனு வெளுக்குது.”

“போனு வெளுக்குதாம். போன தடவ மாடு ஒதைக்கல, நாங்கதான் கால்ல போயி இடிச்சமுன்னு சொன்ன ஆளுதான நீங்க.”

ஐந்தரை ஆகிவிட்டது. சாலையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சின்னதுரை திரும்பிப் பார்த்தார். செல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“வீடியோ போடுங்க சார், நானே பேசிக்கிறேன்” என்று மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

போட்டேன். அப்போது நடந்ததை எந்த விளம்பரத்திலும் சொல்லமாட்டார்கள். திரையில் மனித முகம் ஒன்று கிடைத்ததும் போன் மாட்டைக் கைவிட்டது. செல்லம்மா வெளுத்துக்கொண்டே போனார். மாடு செவலையாக, சுழியோடு, ஒரு ஈயோடு அப்படியே நின்றது.

“இந்தா பாரு தாயி, சுழி. தடவிக் காட்டவா?”

“சுழி நல்லாருக்குக்கா” என்றார் தனலட்சுமி. “ஒதைக்குமா?”

“என் மருமவள விடச் சாது.”

“மாட்டப் புடிச்சிட்டு வரச் சொல்லுங்க. அக்கா, நீங்க மூஞ்சிக்கு என்ன போடுறிங்க?”

செல்லம்மா திரையின் மூலையில் தெரிந்த தன்னை அப்போதுதான் பார்த்தார். “இது யாரு சார்?” என்றார் என்னிடம்.

மாட்டைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றி, காருக்குப் பின்னால் வரச் செய்து சிறுவாச்சூர் வந்து சேர எட்டரை. தனலட்சுமி டார்ச் அடித்துச் சுழியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மாட்டின் பக்கத்தில் நின்று, அந்த அக்காவை எடுத்த மாதிரியே தன்னையும் எடுக்கச் சொன்னார்.

இதே வழியில் போகிறவர்களுக்கு: வெள்ளி அல்லது திங்களில் போங்கள், சோழபுரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள், ஜெயங்கொண்டத்தில் சாப்பிட்டுவிடுங்கள். போனைப் பற்றி: வீடு திரும்பியபோது பேட்டரி 54 சதவீதம் இருந்தது. பெட்டியின் மேல் போட்டிருந்தது உண்மைதான். கல், கிளிஞ்சல், கோபுரம் எடுக்க நல்ல போன். மனிதர்களையும் மாடுகளையும் உள்ளபடி பார்க்க வேண்டுமென்றால் நேரில்தான் போக வேண்டும்.

போன வாரம் சின்னதுரை பேசினார். பசு வேளைக்கு நான்கு லிட்டர் கறக்கிறது, இதுவரை யாரையும் உதைக்கவில்லை. மனைவியின் படத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் நான்கு பேர் விசாரித்தார்களாம், நான்கு பேரும் போனைத்தான்.