சனிக்கிழமை ஓடாத லாரி

போன வாரம் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஓர் இளைஞர் வந்திருந்தார். மூடிகளைத் திருகி எடுத்ததும், பல் கூசுவது போன்ற அந்தப் புளிப்பு வாடை கூடமெங்கும் பரவியது. முனைகளில் பூத்திருந்த பச்சையைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வாஸலின் தடவி, கிளாம்பை முடுக்கினார். நான் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்து, "என்னம்மா, ஏதும் வேணுங்களா?" என்றார். சந்தனம் வைப்பதில்லையா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருப்பார். அவரிடம் விழுங்கியதை உங்களிடம் சொல்கிறேன்.

உலக யுத்தம் முடிந்தபின் பட்டாளத்து லாரிகளை ஏலம் விட்டார்கள் அல்லவா, அவற்றில் ஒன்றை அப்பா திருச்சியிலிருந்து ஓட்டிவந்தார். நிலக்கடலை வியாபாரத்துக்கு வண்டி வேண்டியிருந்தது என்பது வெளியில் சொன்ன காரணம். பொன்னமராவதியில் வேறு யாரிடமும் அப்படியொன்று இல்லை என்பதே உண்மையான காரணம். அந்த லாரிக்கு ஸ்டியரிங் இடது பக்கத்தில் இருந்தது. வலது பக்கம் திரும்பும்போது கை காட்ட ஓட்டுநருக்கு வழியில்லாததால், அந்தப் பக்கம் ஓர் ஆள் உட்கார்ந்து கையை வெளியே நீட்ட வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பாவாடை சட்டையோடு கையை நீட்டியபடி ஊரைக் கடக்கையில், லாரியே என் கையால்தான் ஓடுகிறது என்று நானும் நம்பினேன். அப்பாவின் மகள்தானே.

அந்த நாளில் லாரி வைத்திருந்த ஒவ்வொருவரும் தம்மை மெக்கானிக் என்றே நினைத்துக்கொண்டார்கள். பழுதுபார்க்கத் திருச்சிக்குப் போவது, பெண்சாதியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது போன்ற மானக்கேடு. அப்பா பெட்ரோல் டாங்கின் கசிவைச் சவுக்காரத்தை அப்பி அடைத்தார். ரேடியேட்டரின் ஓட்டைக்கு மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றினார். அதனால் எங்கள் லாரி வெந்நீர் கக்கும்போதெல்லாம் குழம்பு கொதிக்கும் மணம் வரும். எரிந்துபோன பியூஸுக்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். இவை பலித்த நாட்களும் உண்டு, அதுதான் கேடு. ஒருமுறை பலித்த வைத்தியத்தைப் பத்து நோய்களுக்குப் பிரயோகித்தார்.

அப்பாவுக்குத் துணையாக ஒரு மாமா. அத்தையின் கணவர். யுத்த காலத்தில் பட்டாளத்தின் சமையல் பகுதியில் இருந்துவிட்டு வந்தவர். காய்கறி நறுக்கிய இடத்தின் ஜன்னலிலிருந்து லாரிகள் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தகுதியில் எல்லாப் பழுதுக்கும் அவர் ஒரே காரணம் சொல்வார். கார்பரேட்டரில் அடைப்பு. ஹாரன் அடிக்காவிட்டாலும் கார்பரேட்டர்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் லாரிக்குப் பூசை நடக்கும். கழுவித் துடைத்து, முகப்புக்கும் விளக்குகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, சாம்பிராணி காட்டுவது எல்லா வண்டிக்காரர்களும் செய்ததுதான். அப்பா அதோடு நிற்கவில்லை. கரண்டு பிறக்கிற இடத்தை விட்டுவிட்டு இரும்புக்கும் தகரத்துக்கும் பொட்டு வைப்பது என்ன பக்தி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கிளாம்புகளைக் கழற்றி, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் அம்மனுக்குக் கண்மலர் சாத்துவது போலச் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து, மறுபடியும் கிளாம்பை மாட்டி முடுக்குவார்.

இதற்குப்பின் எங்கள் லாரிக்குப் புது நோய் ஒன்று வந்தது. சனிக்கிழமைகளில் அது நின்றுவிடும். காலையில் எப்படியோ கிளம்பும், வழியில் எங்காவது மெதுவானால் உயிரை விட்டுவிடும். அப்பாவும் மாமாவும் ஆராய்ந்து, இது சனி பகவானின் வேலை என்று முடிவுசெய்தார்கள். சனிக்கிழமை மாலைகளில் அப்பா சிவன் கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைப் பொட்டையும் இன்னும் கொஞ்சம் தாராளமாக்கினார்.

இந்த நிலையில்தான் புதுக்கோட்டையில் எனக்கு ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பகல் பன்னிரண்டு மணிக்குள் நேரில் வந்து சேர்ந்துவிட வேண்டும், தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். மாமாவுக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். "ஆடியில, அதுவும் சனிக்கிழமையில யாரும் படிப்பு தொடங்குவாங்களா? கெடச்சா பாப்போம். இல்லாட்டி ஆவணியில முகூர்த்தத்த வச்சுருவோம்" என்று மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் வஞ்சனை ஏதும் இல்லை. என் வாழ்க்கைக்கு இரண்டு ஏற்பாடுகள் தயாராக இருக்கின்றன என்று உண்மையிலேயே மகிழ்ந்தார்.

காலை ஏழு மணி பஸ்ஸில் போய்விடலாம் என்றாள் அம்மா. சொந்த லாரி இருக்கையில் பஸ்ஸா என்று அப்பா கேட்டார். பெண்ணைத் தம் லாரியிலிருந்து அந்தப் பள்ளியின் வாசலில் இறக்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அதை அன்று வெறும் ஜம்பமாக எடுத்துக்கொண்டேன். இன்று அதைப் பாதி ஜம்பம் என்றுதான் சொல்வேன்.

ஏழு மணி பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. அப்பா அதற்குக் கையசைத்துவிட்டு லாரியை எடுத்தார். நடுவில் அம்மா, வலது ஓரத்தில் நான், பின்னால் கடலை மூட்டைகளின் மேல் என் டிரங்குப் பெட்டியோடு மாமா. பனையப்பட்டியைத் தாண்டியதும் ஆட்டுமந்தை ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. அப்பா வேகத்தைக் குறைத்தார். லாரி ஒருமுறை விம்மி அடங்கியது.

மாமா கீழே குதிக்கும்போதே கார்பரேட்டர் என்றார். அப்பா இக்னிஷன் காயில் என்றார். இருவருக்கும் சமாதானமாக இரண்டையும் கழற்றினார்கள். சாக்கை விரித்துத் திருகாணிகளைப் பரப்பி, பெட்ரோலில் கழுவி, ஊதி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் மாட்டி, முன்பக்கத்தில் ஹேண்டிலைச் செருகி மாறி மாறிச் சுற்றினார்கள். லாரி இருமக்கூட இல்லை. மாமா மூட்டையிலிருந்து பச்சைக் கடலையை உருவி மென்றபடி நிதானமாக வேலை செய்தார். அவருக்கென்ன, ஆவணி பக்கத்தில்தான் இருந்தது. நான் இருக்கையை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் பயணம் முடிந்துபோனதாக ஆகிவிடும் என்று ஒரு பயம்.

அடுத்த பஸ் வந்தது. அம்மா நடுச்சாலைக்குப் போய் நின்று அதை நிறுத்தினாள். நிறுத்தியதும் நடந்ததை இன்று சொன்னால் நம்புவது கடினம். டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், பயணிகளில் ஆண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். லாரியின் வாய்க்குள் தலைகளை நுழைத்துக்கொண்டு ஆளுக்கொரு நோயைச் சொன்னார்கள். சைக்கிள்கூட ஏறத் தெரியாத ஒருவர், இங்கிட்டு ஒரு ஒயர் சும்மா தொங்குதே என்று பாதகத்தைக் கண்டுபிடித்தவர்போல் கூவினார். அது எலுமிச்சம்பழம் கட்டிய கயிறு. பஸ்ஸில் மிஞ்சிய பெண்கள் தங்கள் பயணமும் போயிற்று என்று தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் பேட்டரி செத்துவிட்டது என்று சபை தீர்ப்புச் சொன்னது. அதைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றிவர வேண்டும். பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது; அதற்குமேல் ஓர் ஆளைக்கூட ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அப்பா பேட்டரியைக் கழற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் இரு கைகளிலும் ஏந்தி, அந்த ஓர் இடத்துக்காகப் படியில் கால் வைத்தார். அவரை மற்றவர்கள் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். ஆசிட் சிந்தக் கூடாதல்லவா. நான் ஒருத்தி அங்கே இருப்பது அத்தனை ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கும் நினைவில்லை.

"அத எறக்குங்க" என்றாள் அம்மா.

அப்பாவுக்குப் புரியவில்லை. "எத?"

"அந்தப் பொட்டியத்தான். அது நாளைக்குப் போனா ஒண்ணும் கொறஞ்சு போகாது. புள்ள இன்னைக்கிப் போகணும்."

"பேட்டரி இல்லாட்டி லாரி நடுரோட்டுலயே கெடக்குமே."

"கெடக்கட்டும். நானும் கூடக் கெடக்கேன்."

மாமா, "தங்கச்சி, வெவரம் புரியாமப் பேசாதீக" என்று தொடங்கினார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் கைகளிலிருந்து பேட்டரியைத் தானே வாங்கிச் சாலையோரத்தில் வைத்தாள். அதன் கனத்தில் அவள் தோள்கள் இறங்கின. அப்பா என் டிரங்குப் பெட்டியை பஸ்ஸின் மேல் ஏற்றிக் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஏறு ஆத்தா" என்றார்.

நான் போனபின் நடந்ததை அம்மா பிறகு ஒருநாள் சொன்னாள். பேட்டரியின் முனைகளில் நேற்றைய பொட்டு காய்ந்து வெடித்துப் பார்க்கச் சகிக்காமல் இருந்திருக்கிறது. பழைய பொட்டை அப்படியே விடுவது அவளுக்கு ஆகாது. வீட்டுக்குப் போய்க் குளித்தபின் புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்று, ஈரத்துணியால் இரண்டு முனைகளையும் தேய்த்துத் துடைத்தாள். ரோட்டில் கிடந்தால் எவனாவது தூக்கிப் போய்விடுவான் என்று அப்பா பேட்டரியை எடுத்து மறுபடியும் மாட்டினார். ஆடுகள் பக்கத்தில் வந்து மோப்பம் பிடிக்க, விரட்டுவதற்காகப் பழக்கதோஷத்தில் மாமா ஹாரனை அமுக்கினார். அது அலறியது. அடுத்த ஹேண்டில் சுற்றிலேயே லாரியும் கிளம்பியது.

திருமயம் சாலை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால், எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் அந்த அலறல் கேட்டது. லாரி எங்களை முந்திக்கொண்டு போயிற்று. என் இடத்தில் அம்மா உட்கார்ந்து, வளையல் கையை வெளியே விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பதினொன்றரைக்கு நான் பள்ளி வாசலில் இறங்கியபோது, நிழலில் லாரியை நிறுத்திவிட்டு அப்பா மேல்துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். "ஏன் இம்புட்டு நேரம்?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு இடம் கிடைத்தது. கரண்டு எதனூடே பாயும், எதனிடம் தயங்கும் என்று அந்த ஆண்டே விஞ்ஞான வகுப்பில் படித்தேன். விடுமுறைக்கு வந்தபோது அப்பாவிடம் விளக்கினேன்: ஈரமாக இருக்கும்வரை சந்தனம் ஏதோ கொஞ்சம் விடும், காய்ந்தால் சுவர், வண்டி குலுங்கி அது உதிர்ந்துவிட்டால் அடுத்த வெள்ளி வரை தொல்லை இல்லை. அப்பா பொறுமையாகக் கேட்டார். சாமிக்கு வைத்தது எப்படித் தடுக்கும் என்று கேட்டுவிட்டு, குளிக்கப் போனார். அது வெள்ளிக்கிழமை.

கார்பரேட்டரை ஊதியதால் லாரி ஓடியது என்று மாமா சாகும்வரை சொன்னார். அப்பா சொன்ன கதை வேறு. பஸ்ஸை முந்திக்கொண்டு பெண்ணைப் பள்ளியில் சேர்த்தவர் அவர். நான் வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய காலத்திலும், லாரி பழைய இரும்புக்காரரிடம் போய்ச்சேர்ந்த பிறகும், வீட்டுக்கு வருகிறவர்களிடம், "நம்ம லாரியிலதான் கொண்டாந்து விட்டேன்" என்பார். சுவர் ஓரமாக நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள் அம்மா. ஒருமுறைகூட மறுத்ததில்லை. காபி ஆறுது, எடுத்துக்குங்க என்று வந்தவர்களிடம் சொல்வாள், அவ்வளவுதான்.

அந்தச் சாலையை இப்போது அகலப்படுத்திவிட்டார்கள். பழுதான லாரிகள் ஓரத்தில் விளக்கு மினுக்கியபடி நிற்கின்றன, எந்தப் பஸ்ஸும் அவற்றுக்காக நிற்பதில்லை. நல்லதுதான், எத்தனையோ பெண்களின் பயணம் மிச்சம். லாரியும் போயிற்று, அதன் நோய்க்குக் காரணம் சொன்ன அத்தனை பேரும் போய்விட்டார்கள். அத எறக்குங்க என்று சொன்ன அந்தக் குரலை அம்மா அதன்பிறகு எங்கள் வீட்டில் எடுத்ததே இல்லை. அன்று பஸ்ஸிலும் சாலையிலும் அதைக் கேட்டவர்களில், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான் மிச்சம்.