மழைக்காலத்து லெஃப்ட் பேக்

பலகையைத் தன் பக்கம் இழுக்கும்போது ஒரு விதி. இழுத்த உப்பை வரப்பில் கூட்டும்போது அதன் உட்பிரிவு. அமுதவல்லி உப்பு வாருவது இப்படித்தான். "ஜூலை ஒண்ணாந் தேதிக்கு இருபத்தஞ்சு முடிஞ்சிருக்கக் கூடாது" என்று ஓர் இழுப்பு. "படிப்ப பாதியில வுட்டுட்டு வேற யுனிவர்சிட்டிக்குப் போனா ஒரு வருசம் உக்காரணும்" என்று இன்னொன்று. பக்கத்துப் பாத்தியில் நிற்கும் விருத்தாம்பாளுக்கு இவற்றில் பாதி மனப்பாடம். "உக்காருன்னா சந்தோசமா உக்கார வேண்டியதுதானே, அதுக்கின்னாத்துக்கு ஒரு சட்டம்?" என்பது அந்த அம்மாளின் நெடுநாள் சந்தேகம்.

கல்லூரிக் கால்பந்தில் யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று சொல்லும் அந்தப் பதினாறு பக்கப் புத்தகத்தை அமுதவல்லி அளவுக்குப் படித்தவர்கள், அதை எழுதியவர்களையும் சேர்த்து, குறைவாகத்தான் இருப்பார்கள். எம்.ஏ. வரலாறு பாடப் புத்தகங்கள் அந்த அதிர்ஷ்டத்தைப் பெறவில்லை. விளையாட்டைக் காட்டிக் கல்லூரியில் இடம் வாங்குவது நாட்டு வழக்கம். இவள் கல்லூரியில் இடத்தைக் காட்டி விளையாட்டை வாங்குகிறாள்.

ஆள் உயரமில்லை. தோள் அகலம். பாதம் அதைவிட அகலம். உப்பு நீரில் பத்து வருடம் நின்ற கால்; கடைக்காரர் நீளத்தைப் பார்த்து எடுத்து வரும் பெட்டி அகலத்துக்குப் போதாது. ஆண்கள் பூட்ஸில் இரண்டு எண் பெரிதாக வாங்கி, முனையில் துணியை அடைத்துக்கொள்வாள். ஆடும் இடம் லெஃப்ட் பேக், கோலுக்கு முன்னால் இடப்பக்கக் காவல். பந்தோடு வருகிறவளைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அவள் கல்லூரியின் பி.டி. சார் சகாதேவன் சொல்கிறார். முன்னால் ஓடச் சொன்னால் சுமார்தான் என்பதையும் அவரே சொல்கிறார். அமுதவல்லிக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. "உப்பு வார்றதே பின்னால போயினே வார்றதுதான சார். திரும்பிப் பாத்தா பாத்தியில வுழுந்துடுவோம்."

பி.ஏ. படித்தது திண்டிவனத்தில். இரண்டாம் ஆண்டில் அணியிலிருந்த இரண்டு பேரைப் புதுச்சேரிக் கல்லூரி ஒன்று, விடுதியும் பூட்ஸும் தருவதாகச் சொல்லி அழைத்துக்கொண்டது. போனார்கள். பாதியில் போனதால் விதிப்படி ஒரு வருடம் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். உட்கார்ந்திருந்த வருடத்தில் ஒருத்திக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது. அமுதவல்லியையும் கூப்பிட்டார்கள்தான். அவள் புத்தகத்தைப் பார்த்தாள். பட்டத்தை முடித்துவிட்டு மேல்படிப்புக்குப் போகிறவர்கள் உட்கார வேண்டியதில்லை என்று பதினோராம் பக்கத்தில் இருந்தது. "பாஸ் பண்ணிட்டு போனா ஒரு கேள்வியும் இல்ல. அப்பறம் இன்னாத்துக்கு பாதியில ஓடணும்?" பந்துக்காகவே பரீட்சையில் தேறிய பெண் இவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

தேறியதில் ஒரு சிக்கல். ஒரு தாளின் மறுமதிப்பீடு தாமதமாக வர, அந்த ஆண்டு எங்கும் சேர முடியவில்லை. ஒரு வருடம் முழுக்க உப்பளம்தான். அந்த டிசம்பரில் கடல் உள்ளே வந்து பாத்திகளை எல்லாம் சேறாக்கிவிட்டுப் போனது. அதன் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று, மழை மாதங்கள் மூன்றிலும் உப்பளத் தொழிலாளிக்கு ஆளுக்கு ஒரு சிப்பம் அரிசி என்று சொல்லி, தொழிலாளர் சங்கத்திடம் பட்டியல் கேட்டது. சங்கச் செயலாளர் தட்சணாமூர்த்தி, நல்ல கையெழுத்து உள்ள ஆள் யார் என்று பார்த்தார். பட்டதாரி ஒருத்தி வரப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

நூற்று முப்பது பேருக்கும் படிவத்தை நிரப்பியவள் அமுதவல்லி. 'முழுநேரமா, பகுதிநேரமா' என்று ஒரு கட்டம். மழை பெய்தால் மூன்று மாதம் மூடிவிடும் தொழிலில் இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் வானத்திடம்தான் உண்டு. ஆனால் வரப்பில் இருந்தவர்கள் ஒரே குரலில் முடிவு செய்துவிட்டார்கள். "பகுதின்னு எழுதினா அரிசியும் பகுதிதான் குடுப்பான். முழுசுன்னே எழுதும்மா." எழுதினாள். கடைசிப் படிவம் அவளுடையது. கை பழகிவிட்டது, அதிலும் 'முழுநேரம்.' அட்டை வந்தது, படம் ஒட்டி, முத்திரை குத்தி. இரண்டாயிரத்து ஐந்து ஜூலையில் புதுச்சேரியில் எம்.ஏ. சேர்ந்தபோது அட்டையை அவள் மறந்தே போனாள்.

இப்போது விடியலில் பாத்தி. எட்டரைக்கு மரக்காணத்திலிருந்து புதுச்சேரிப் பேருந்து. கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை தூக்கம். வகுப்பில் அவள் கணுக்காலில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கும். மாலைப் பயிற்சியின் வியர்வையில்தான் அது கரையும். ஆட இந்த ஒரு வருடம்தான் பாக்கி. அவள் உண்மையில் பிறந்தது ஆடியில். பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர், மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டது போல் ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். அந்தப் பேனாவின் கணக்கில் அடுத்த ஜூலையில் அவளுக்கு இருபத்தைந்து முடிந்துவிடும். ஆடியின் கணக்கில் இன்னும் ஒரு பருவம் ஆடியிருக்கலாம். "அவர் எனக்கு சீக்கிரம் வயசு குடுத்துட்டார் சார். மத்தவங்க பென்சன் வாங்கறப்ப வருத்தப்படுவாங்க. நான் இப்பவே" என்பாள் சகாதேவனிடம்.

செப்டம்பர் கடைசியில் ஆட்டக்காரர்களின் தாள்களைச் சரிபார்க்கும் நாள் வந்தது. அதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் ஸ்க்ரூட்டினி. பட்டச் சான்றிதழ், இடமாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்புத் தாள் எல்லாம் வரிசையாக வைத்தாள். பதினோராம் பக்கம் அவள் நம்பியபடியே வேலை செய்தது. அதற்குள் இன்னொரு கல்லூரியின் மேலாளர் எழுந்து, ஒரு ஜெராக்ஸ் தாளை மேசையில் வைத்தார். சங்க வாசலில் ஒட்டியிருந்த பட்டியல்; அதில் அமுதவல்லி, முழுநேரம். முழுநேர வேலையில் இருப்பவர்கள் ஆடக்கூடாது என்பது நான்காம் பக்கம். அமுதவல்லிக்கு அதுவும் மனப்பாடம்தான். தன்னைப் பற்றியது என்று தோன்றியதே இல்லை.

"நீ ஸ்டூடண்டா, லேபரா?" என்றார் அதிகாரி.

"வெயிலடிச்சா லேபர் சார். மழ பேஞ்சா ஸ்டூடண்ட்."

"ஃபாரத்துல வெயிலு மழையெல்லாம் கேக்கலம்மா. இதுல முழுநேரம்னு இருக்குது. யார் எழுதனது?"

"நான்தான் சார்."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை, அவளுடைய ஆட்டக்காரர் படிவத்தின் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். அவள் முழுநேரத் தொழிலாளி இல்லை என்று சங்கம் எழுதித் தந்தால், மறுநாள் நான்கு மணிக்குள் புதிய படிவத்தோடு வரலாம் என்றார். சகாதேவன் வெளியே வந்து புதிய படிவத்தை அவள் கையில் வைத்தார். "டிஃபன்ஸ்ல நீ இல்லன்னா நான் போய் நிக்க வேண்டியதுதான்" என்றார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

மறுநாள் காலை மரக்காணத்தில், சங்க அலுவலகம் திறக்குமுன்பே அவள் வாசலில் நின்றாள்.

"பகுதிநேரம்னு திருத்திக் குடுங்கண்ணா."

தட்சணாமூர்த்தி கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார். "ஏம்மா, உன் ஒருத்தியத் திருத்தினா நூத்தி முப்பதையும் கேப்பான். லிஸ்ட்ல நம்ம நிஷாத்து கூட முழுநேரம்தான். அவன் துபாய்ல ஏசி மெக்கானிக்கு. திருத்தறதெல்லாம் ஆவாது. வேணும்னா பேர அடிச்சிடறேன். அடிச்சா அட்ட போச்சு. அரிசி போச்சு. அடுத்த வருசம்தான் புதுசா சேக்க முடியும். யோசிச்சுக்க."

அவள் வீட்டுக்குப் போனாள். வீட்டில் அவளும் அம்மாவும்தான். அம்மா கொளஞ்சியம்மாளுக்கு உப்பின் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பார்வை மங்கி, பாத்திக்கு வந்தே இரண்டு வருடம் ஆகிறது. ஆகவே வீட்டுக்கு அட்டை ஒன்றுதான். மூன்று மாத மழை, மூன்று சிப்பம். அதே மூன்று மாதத்தில்தான் ஆட்டங்களும். விஷயத்தைச் சொன்னாள். அம்மா முறத்தில் இருந்த கேழ்வரகில், பார்வையால் அல்ல, விரலால் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"போன மழைக்கு அட்ட இருந்துச்சாடி?"

"இல்ல."

"செத்தா பூட்டோம்?"

"அப்ப கடைசி வரைக்கும் வேல இருந்துச்சும்மா. இப்ப நான் காலையில மட்டுந்தான போறேன்."

கொளஞ்சியம்மாள் முறத்தை ஒருமுறை புடைத்தாள். பிறகு, "அந்த பேக்குன்றியே, அது நிக்கற எடமா, ஓடற எடமா?" என்றாள்.

"ரெண்டும்."

"நின்னா போதும்னு சொல்லு. மழையில வழுக்கும்."

பத்தரை மணிக்கு அமுதவல்லி மறுபடியும் சங்க அலுவலகத்தில் இருந்தாள். தட்சணாமூர்த்தி பதிவேட்டைத் திறந்து, அவள் பெயரின் மேல் அளவுகோலை வைத்து, இரண்டு கோடு இழுத்தார். அவர் கோணலாக எதையும் அடிப்பதில்லை. கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு, "அட்டய குடு" என்று கையை நீட்டினார்.

அட்டையை எடுத்தவள், கொடுக்கவில்லை. புதிய படிவத்தை மேசைமேல் விரித்தாள். மேல் மூலையில் படம் ஒட்ட ஒரு வெற்றுக் கட்டம். ஊரில் இருக்கும் ஒரே ஸ்டுடியோவில் இன்று எடுத்தால் வெள்ளிக்கிழமைதான் தருவார்கள்.

"ஒரு நிமிசம்ணா."

விரல் நகத்தை அட்டையிலிருந்த தன் படத்தின் அடியில் நுழைத்தாள். வாயைக் குவித்து ஓரத்தில் வெந்நீராவி போல் ஊதினாள். இளகியது. கிழியாமல், பாத்தியில் சேறு கலங்காமல் மேல் உப்பை வழிக்கிற அதே நிதானத்தில், படத்தை உரித்து எடுத்தாள். அட்டையைத் தட்சணாமூர்த்தியிடம் கொடுத்தாள். அவர் முகமில்லாத அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

படத்தின் கீழ் மூலையில் சங்க முத்திரையின் கால் வட்டம் ஊதாவாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. 'தொழி' வரைக்கும் படிக்க முடிந்தது. எச்சில் தொட்டு ஒருமுறை தேய்த்தாள். போகவில்லை. மேசையிலிருந்த கோந்தைத் தடவி, படத்தைக் கட்டத்துக்குள் வைத்து, மூலை மூலையாகக் கட்டைவிரலால் அழுத்தினாள். ஊதா மூலையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.