எந்தத் திருவண்ணாமலை?

ராஜபாளையத்தில் ஓவிய ஆசிரியையாக வேலை பார்க்கும் யோகேஸ்வரிக்கு நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்தின் மேல் ஆசை வந்தது. வீட்டில் யாரும் மறுக்கவில்லை. மறுத்தாலும் அவர் காதில் விழுந்திருக்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கோயில்களையும் சந்தைகளையும் ஒரு காலத்தில் பென்சிலால் வரைந்து குவித்த தவசிமுத்து என்ற ஓவியரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் படங்கள் சென்னையில் ஒரு கலை அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருப்பதாகத் தெரிந்தது. அனுமதி வாங்கி, கோடை விடுமுறையில் போய் இறங்கினார்.

காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட ஆனந்தவல்லி நல்ல மனுஷி. பேனாவை வெளியே வைக்கச் சொன்னார், கையுறை கொடுத்தார். ஆனால் அங்கே படங்களை ஊர்வாரியாகத்தான் பட்டியலிட்டிருந்தார்கள்; கணினியில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று தேடினால் நாலே நாலு படங்கள்தான் வந்தன. நாலு படத்தை வைத்து ஆய்வேடு எழுத முடியுமா? இரண்டு நாள் அவற்றையே உற்றுப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மதியம் யோகேஸ்வரி பையை எடுத்துக் கிளம்பினார்.

வாசிப்பு அறை வாசல் வரை வழியனுப்ப வந்த ஆனந்தவல்லி, ஊருக்குப் போனதும் பள்ளி திறந்துவிடுமா என்று பேச்சுக்குக் கேட்டார்.

“இன்னும் ஒரு வாரம் இருக்கு மேடம். சனிக்கிழம திருவண்ணாமல போயி பெருமாளக் கும்பிட்டுட்டு வரணும்.”

“திருவண்ணாமலையில சிவன்தானே?”

“அது வடக்க. எங்க ஊருப் பக்கம் மலமேல பெருமாள் இருக்காரு. அதுவும் திருவண்ணாமலதான்.”

சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனந்தவல்லி உள்ளே ஓடி, திருவண்ணாமலை என்று எழுதிய பெட்டியைத் தூக்கி வந்தார். மேலே இருந்த தாளில் ஒரு மலை, ஏறிப்போகும் படிகள், உச்சியில் கோயில், வாசலில் பெரிய நாமம். அடுத்த தாளில் மொட்டையடித்த குழந்தைகள். பெட்டி நிறைய தவசிமுத்துவின் படங்கள். அவர் ஊர்ப்பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். பிறகு வந்தவர்கள் அதை வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

யோகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார். வாசிப்பு அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் போடக் கூடாது என்று சொல்ல வேண்டிய ஆனந்தவல்லியும் சேர்ந்து சிரித்தார்.

யோகேஸ்வரி ஊருக்குப் போகவில்லை. கணவர் சங்கிலிப்பாண்டி போலீஸ் ஏட்டாக இருக்கிறார்; போனில் விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரே குஷி.

“காணாமப் போன ஆளக் கண்டுபிடிச்சிட்ட. இருந்து எல்லாத்தையும் பாத்துட்டு வா. சோறு நான் பொங்கிக்கிடுதேன்,” என்றார்.

இப்போது யோகேஸ்வரி முனைவர். அருங்காட்சியகப் பட்டியலிலும் ஊர் திருத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் சென்னைக்குப் போகிறார். போன வருஷம் ஆலங்குளம் என்று ஒரு பெட்டி அகப்பட்டிருக்கிறது. அது சிமென்ட் ஆலை இருக்கும் தங்கள் பக்கத்து ஆலங்குளம் என்கிறார் யோகேஸ்வரி. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் என்கிறார் ஆனந்தவல்லி. வழக்கு இன்னும் முடியவில்லை.